ஒரு கம்பி அறுந்தால் சக்கரத்துக்கு என்ன வயது?

கல்லில் ஏறவில்லை, பள்ளத்தில் இறங்கவில்லை. சென்னையை அடுத்த சிறுசேரி சிப்காட் தொழில் வளாகத்துக்குள் சீரான தார்ச்சாலையில் நிதானமாக மிதித்துப் போகும்போது பின்சக்கரத்தில் ‘டிங்’ என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் போக்ஸ் கம்பி ஒன்று ஹப்பை ஒட்டி அறுந்து ஆடுகிறது. ரிம் ஒரு பக்கமாக ஒதுங்கி பிரேக் கட்டையில் உரசுகிறது. கேளம்பாக்கத்தில் கடைக்காரர் புதுக் கம்பி போட்டு, கோட்டம் எடுத்துக் கொடுக்கிறார். இரண்டு வாரத்தில் இன்னொரு கம்பி அறுகிறது. அதை மாற்றிய கையோடு மூன்றாவது.

“என்னண்ணே, நீங்க போட்ட கம்பி தரமில்லையா?”

“நான் போட்டது அப்படியே இருக்கு தம்பி. அறுந்ததெல்லாம் பழசு. பேசாம சக்கரத்தையே மாத்திடுங்க.”

சைக்கிள் கடைகளில் அடிக்கடி நடக்கும் பேச்சு இது. ஒரு கம்பிக்காக முழுச் சக்கரத்தையும் தூக்கிப் போடச் சொல்கிறாரே என்று வாங்குபவருக்குச் சந்தேகம் வரும். நியாயமான சந்தேகம்தான். சிப்காட்டுக்குக் காவல் பணிக்கும் துப்புரவு வேலைக்கும் கட்டட வேலைக்கும் சைக்கிளில் வருகிறவர்களுக்கு ஒரு சக்கரத்தின் விலை வீட்டுச் செலவில் உறைக்கும் தொகை. பதினொன்றாம் வகுப்பில் பிள்ளைக்கு அரசு கொடுத்த சைக்கிள், பிள்ளை கல்லூரிக்குப் போனதும் அப்பாவின் வேலை வண்டியாகிவிடும் வீடுகள் உண்டு. அந்தச் சக்கரத்தை எதுவரை பழுதுபார்க்கலாம், எப்போது மாற்றியே ஆகவேண்டும் என்பதைக் கண்ணாலும் காதாலும் விரலாலும் கண்டுபிடித்துவிட முடியும். அதற்கு முதலில், சக்கரம் எப்படி நிற்கிறது என்று தெரிய வேண்டும்.

போக்ஸ் கம்பியின் தடிமன் சுமார் 2 மில்லிமீட்டர். புதுக் கம்பி ஒன்றைத் தரையில் நிறுத்தி மேல்முனையை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், உடனே வளைந்துவிடும். இப்படி வளைகிற கம்பிகளை நம்பி ஒரு ஆளும் கேரியரில் ஒரு அரிசி மூட்டையும் எப்படிப் போகின்றன? மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் தடித்த மரம். எடையை நேராக வாங்கித் தரையில் இறக்கும். சைக்கிள் கம்பிக்கு அந்த வலு கிடையாது. அதற்குத் தெரிந்தது இழுப்பது மட்டும்தான்.

சக்கரம் கட்டும்போது ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் இருக்கும் நிப்பிளைத் திருகி முடுக்குகிறார்கள். நன்றாக முடுக்கிய பின்சக்கரத்துக் கம்பியில், நூறு கிலோவைக் கட்டித் தொங்கவிட்டதற்கு நிகரான இழுவிசை இருக்கலாம். வண்டியில் யாரும் ஏறாதபோதே இருப்பதால் இதை ‘முன்னிழுவிசை’ என்று சொல்லலாம். கம்பிகள் எல்லாம் சேர்ந்து ரிம்மை உள்நோக்கி இழுக்கின்றன. ரிம் சுற்றிலும் அமுக்கப்பட்டு அதை எதிர்த்து நிற்கிறது.

இதைப் புரிந்துகொள்ள, பொங்கல் விளையாட்டுகளில் நடக்கும் கயிறு இழுக்கும் போட்டியைக் கொஞ்சம் மாற்றி நினைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு இரும்பு வளையம். அதில் கட்டிய 36 கயிறுகளை 36 பேர் வட்டமாக நின்று ஒரே பலத்தில் இழுக்கிறார்கள். வளையம் அசையாது. இப்போது வடக்குப் பக்கம் நிற்கும் மூன்று பேர் மட்டும் பிடியைச் சற்றுத் தளர்த்துகிறார்கள். வளையம் தெற்கே நகரும். தெற்கே நிற்பவர்கள் முன்பைவிட ஒரு துளியும் அதிகமாக இழுக்கவில்லை. இருந்தும், வடக்கிலிருந்து யாரோ தள்ளியது போல வளையம் போகிறது. சக்கரத்தில் வளையத்தின் இடத்தில் இருப்பது ஹப். நாம் சீட்டில் உட்கார்ந்ததும் தரையைத் தொடும் இடத்தில் ரிம் மயிரிழை அளவு உள்ளே அமுங்குகிறது. அங்கே இருக்கும் சில கம்பிகளின் இழுப்பு குறைகிறது. கீழே இழுப்பவர்கள் தளர்ந்ததால் ஹப்புக்கு மேல்நோக்கி ஒரு விசை கிடைக்கிறது. நம் எடையைச் சுமப்பது அந்த விசைதான்.

மேலே இருக்கும் கம்பிகளில் ஹப் தொங்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்கப் பொறியாளர் ஜோப்ஸ்ட் பிராண்ட் 1981இல் சக்கரம் கட்டுவதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். ஒவ்வொரு கம்பியிலும் விசை எப்படி மாறுகிறது என்று கணினியில் கணக்கிட்டு, பெரிய மாற்றம் தரைக்கு நேர் மேலே இருக்கும் சில கம்பிகளில்தான், மற்றவற்றில் மாற்றம் மிகச் சொற்பம் என்று அதில் காட்டினார். இதை நம்புவதற்குக் கணினி வேண்டாம். ஒருவரைச் சைக்கிளில் ஏற்றிச் சுவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் ஏறுவதற்கு முன்னும் பின்னும், தரையருகே இருக்கும் கம்பி ஒன்றை விரலால் மீட்டிக் கேளுங்கள்: ஏறியதும் அதன் சுருதி இறங்கியிருக்கும். மேலே இருக்கும் கம்பியை மீட்டினால் காதுக்கு வித்தியாசமே தெரியாது. நீளமும் தடிமனும் மாறாத கம்பியின் சுருதி ஏறி இறங்குவது இழுவிசையால் மட்டுமே. பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1636இல் வெளியிட்ட நூலிலேயே இந்த விதி இருக்கிறது. சைக்கிள் கடையில் பெரியவர்கள் சக்கரத்தைச் சுற்றவிட்டு விரலால் தட்டிக்கொண்டே வருவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் காதால் செய்வது முறையான அளவீடு.

இழுவிசையில் நிற்கும் சக்கரம் சைக்கிளுக்கு முந்தியது. இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி 1808இல் தன் பறக்கும் பொறிக்கு எடை குறைந்த சக்கரம் தேடியபோது இந்த யோசனைக்கு வந்தார். கம்பிகளை ஹப்பின் விளிம்பிலிருந்து சாய்வாக, ஒன்றையொன்று குறுக்கிட்டுப் போகும்படி கட்டும் முறைக்கு 1874இல் காப்புரிமை வாங்கியவர் ஜேம்ஸ் ஸ்டார்லி. 1949இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் முதல் இன்று சிப்காட் வாசலில் நிற்கும் வண்டிகள் வரை சக்கரம் பெரும்பாலும் அதே கட்டுதான்.

இனி அந்த ‘டிங்’ சத்தத்துக்கு வருவோம்.

சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தரைக்கு வருகிறது. அப்போது ஒருமுறை தளர்ந்து மறுபடி இறுகுகிறது. 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2.2 மீட்டர் போகும். ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 450 சுற்று. வேலைக்குப் போய்வர தினம் பத்து கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 4,500 சுற்று. வருடத்தில் 300 நாள் ஓட்டினால் 13 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு கம்பியும் ஒரே வருடத்தில் 13 லட்சம் முறை தளர்ந்து இறுகியிருக்கிறது. கம்பியின் வயதை வருடத்தில் சொல்லிப் பயனில்லை, சுற்றில்தான் சொல்ல வேண்டும்.

நல்ல கம்பி ஒன்றை ஒரே இழுப்பில் அறுக்க இருநூறு கிலோவுக்கு மேல் எடை வேண்டும். சாதாரண ஓட்டத்தில் அந்த விசை எங்கும் வருவதில்லை. ஆனாலும் அறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில்வே பொறியாளர்களைத் திகைக்க வைத்ததும் இதே புதிர்தான். 1842 மே மாதம் பாரிஸுக்கு அருகே மேதோனில் ஒரு ரயில் எஞ்சினின் அச்சு ஓட்டத்தில் முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓடி ஓடி இரும்பின் உள்ளமைப்பே மாறி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடுகிறது என்று அன்று பலர் நம்பினார்கள். ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் ஊகத்தை விட்டுவிட்டுச் சோதனையில் இறங்கினார். 1850களிலும் 60களிலும் ரயில் அச்சுகளைச் சுமையோடு சுழலவிட்டு, எத்தனை சுற்றில் முறிகின்றன என்று ஆண்டுக்கணக்கில் எண்ணினார். சுமை கூடினால் ஆயுள் குறைந்தது. சுமை ஒரு வரம்புக்குக் கீழே போனபோது எத்தனை லட்சம் சுற்றினாலும் அச்சு முறியவில்லை. ஒரேயடியாகத் தாங்கும் பலம் வேறு, திரும்பத் திரும்பத் தாங்கும் பலம் வேறு என்று அதிலிருந்து தெளிவானது. இரண்டாவது பலம் தீர்ந்துபோவதைத்தான் ‘உலோகச் சோர்வு’ என்கிறோம். 1903இல் யூயிங், ஹம்ஃப்ரி என்ற இருவர் இரும்பை மாறி மாறி வளைத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். முதலில் படிகத்துக்குள் மெல்லிய கோடுகள், பிறகு அவை தடித்து, கடைசியில் விரிசலாகத் திறந்தன. இரும்பின் குணம் மாறுவதாக நம்பியது தவறு. ஒரு விரிசல் பிறந்து மெதுவாக வளர்கிறது, அவ்வளவுதான்.

இந்த வரலாற்றை அறுந்த கம்பியின் முகத்திலேயே படிக்கலாம். அடுத்த முறை கம்பி அறுந்தால் கடையிலேயே விட்டுவிடாமல் வாங்கிக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் ஹப்பின் துளைக்குள் நுழையும் கொக்கி வளைவில் அறுந்திருக்கும். எல்லாக் கம்பியும் தயாரிப்பில் வளைக்கப்படுவது அங்கேதான்; வளைத்தபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட விசையும், ஓட்டத்தின் விசையும் அங்கே சேர்ந்துகொள்கின்றன. வாட்ச் ரிப்பேர்க்காரரின் லென்ஸில் முறிந்த முகத்தைப் பார்த்தால் இரண்டு பகுதிகள் தெரியும். ஒரு ஓரத்திலிருந்து தொடங்கி, வழவழப்பாக, சில சமயம் பழுப்பேறி இருக்கும் பகுதி, விரிசல் பல ஆயிரம் சுற்றுகளில் நகர்ந்துபோன பாதை. பழுப்பு நிறம், காற்றும் ஈரமும் உள்ளே போகும் அளவுக்கு அது முன்பே திறந்திருந்தது என்பதற்குச் சாட்சி. மிச்சம் இருக்கும் சொரசொரப்பான, பளிச்சென்ற சிறு பகுதிதான் அன்று காலை ‘டிங்’ என்று அறுந்தது. சாலை வழவழப்பாக இருந்தாலும் ஒன்றுதான், கரடுமுரடாக இருந்தாலும் ஒன்றுதான். மிச்சம் இருந்தது அவ்வளவே.

செயின் கழன்று விழுந்து கம்பியை அறுத்திருந்தால், அல்லது குச்சி சிக்கி முறிந்திருந்தால், கதை வேறு. அப்போது கம்பியில் கீறலோ, வளைவோ, இழுபட்டு மெலிந்த தடமோ இருக்கும். அது விபத்து, அந்த ஒரு கம்பியை மாற்றினால் விஷயம் முடிந்தது. கொக்கியில் வழவழப்பான முகத்தோடு அறுந்திருந்தால், அதே சக்கரத்தில் அதே நாளில் மாட்டி அதே எண்ணிக்கையில் சுற்றிய மற்ற கம்பிகளும் ஏறக்குறைய அதே கட்டத்தில் இருக்கின்றன என்று பொருள். கடைக்காரர் சொன்னது உண்மை: அவர் போட்ட கம்பிக்கு வயது இரண்டு வாரம், மற்றவற்றுக்குப் பல லட்சம் சுற்று.

இதில் பலரும் தலைகீழாக நம்புகிற ஒரு விஷயம் உண்டு. கம்பியை அதிகமாக முடுக்கினால்தான் அறும் என்று நினைத்துச் சற்றுத் தொளதொளவென்று விடச் சொல்கிறார்கள். தளர்ந்த கம்பிதான் சீக்கிரம் அறுகிறது. முன்னிழுவிசை குறைவாக இருந்தால் தரைக்கு வரும் ஒவ்வொரு முறையும் கம்பி முழுதாகத் தொய்ந்துவிடும். கொக்கி ஹப் துளைக்குள் அசைந்து வளைந்து நிமிரும். விறைப்பான கம்பி அசையாமல் இருந்த இடத்திலேயே இருந்து இழுப்பை மட்டும் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். தொய்ந்த கம்பியில் நிப்பிளும் தானாகக் கழன்றுகொண்டே போகும். இரண்டு கம்பிகள் குறுக்கிடும் இடத்தைக் கைவிரலால் பிடித்துச் சேர்த்து அழுத்தும்போது அவை கயிறு போல ஒத்துப்போனால், அந்தச் சக்கரம் ஏற்கெனவே தன் ஆயுளைத் தின்றுகொண்டிருக்கிறது.

சிறுசேரியில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. கிழக்கே முட்டுக்காட்டுக் கழிமுகம், அதைத் தாண்டினால் கோவளத்துக் கடல். கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் வழியில் உப்பளங்கள். கடற்காற்று வீசும்போது நம் முகத்தில் பிசுபிசுக்கும் உப்பு, கம்பியிலும் ஹப்பின் இடுக்கிலும் படிகிறது. மலிவான கம்பிகள் துத்தநாகப் பூச்சு போட்ட சாதாரண எஃகு. இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் அரிபட்டுக்கொள்ளும் வரைதான் பாதுகாப்பு. அது தீர்ந்ததும் எஃகில் ஊசிமுனைக் குழிகள் விழுகின்றன. ஒவ்வொரு குழியும் விரிசல் பிறக்கத் தயாரான இடம். வோலர் கண்ட அந்த வரம்பு, அதற்குக் கீழே இருந்தால் எஃகு முறியவே முறியாது என்ற உத்தரவாதம், உலர்ந்த காற்றில் செல்லும். உப்பீரத்தில் செல்லாது என்பது பின்னால் வந்த சோதனைகளில் தெரிந்தது. அரிமானமும் சோர்வும் சேர்ந்தால் குறைந்த சுமையிலும் எஃகு ஒருநாள் முறியும். மதுரையிலோ சேலத்திலோ பத்து வருடம் ஓடும் கம்பியிடம் இங்கே அதே கணக்கை எதிர்பார்க்க முடியாது. ஸ்டெயின்லெஸ் கம்பிக்குக் கூடுதலாகக் கேட்கும் காசை இந்தப் பகுதிக்காரர்கள் தயங்காமல் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

கம்பிகள் சோர்ந்துவிட்டன என்பதாலேயே சக்கரம் முழுவதும் சோர்ந்துவிட்டது என்று ஆகாது. கம்பிக்கு வயது சுற்றில் என்றால், ரிம்முக்கு வயது பிரேக்கிலும் பள்ளத்திலும். ஹப்புக்கு வயது கிரீஸில். ‘சக்கரத்தையே மாத்திடுங்க’ என்ற யோசனையை ஏற்பதற்கு முன் இவை இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

ரிம்முக்கு இங்கே பெரிய எதிரி சாலை. சென்னை மெட்ரோவின் மூன்றாம் வழித்தடம் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை திட்டமிடப்பட்டது. அந்த வேலைக்காகத் தோண்டி மூடிய ஓ.எம்.ஆர். சாலையில் சைக்கிள் ஓட்டியவர்களுக்குப் பள்ளம் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. காற்று குறைந்த டயரோடு பள்ளத்தின் விளிம்பில் இடித்தால் ரிம்மின் உதடு நசுங்கும், அல்லது ரிம்மே ஒரு இடத்தில் நிரந்தரமாக வளைந்துவிடும். அதையும் கடையில் கோட்டம் எடுத்து நேராக்கிக் கொடுப்பார்கள். ஆனால் நேராக இருப்பதற்கும் நலமாக இருப்பதற்கும் தூரம் உண்டு. வளைந்த ரிம்மை நேராகக் காட்ட, அந்த இடத்தில் சில கம்பிகளை மிகவும் இறுக்கி, பக்கத்தில் இருப்பவற்றைத் தளர்த்தியிருப்பார்கள். கண்ணுக்கு நேராகத் தெரியும் அந்தச் சக்கரத்தின் பொய் காதுக்குத் தெரிந்துவிடும். ஒரே பக்கத்துக் கம்பிகளை வரிசையாக மீட்டிக்கொண்டு வாருங்கள். (பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இயல்பிலேயே இழுவிசை வேறுபடலாம், இரண்டையும் கலக்கக்கூடாது.) சுருதி ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் ரிம் நன்றாக இருக்கிறது. ஒன்று கீச்சென்றும் அடுத்தது மொத்தென்றும் ஒலித்து, அப்போதும் சக்கரம் நேராக ஓடினால், ரிம் வளைந்திருக்கிறது. அதன் மேல் புதுக் கம்பி போடுவது வீண். ரிம்மையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

அலுமினிய ரிம்மில் இன்னும் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, நிப்பிள் துளையைச் சுற்றி மெல்லிய விரிசல். மற்றொன்று, பிரேக் கட்டை பிடிக்கும் பக்கச் சுவர். ஒவ்வொரு பிரேக்கிலும் கட்டையோடு ஒட்டிய மணல் அந்தச் சுவரை இழைக்கிறது. ஸ்கேலின் விளிம்பை அங்கே வைத்துப் பாருங்கள். நடுவில் குழிந்து வெளிச்சம் தெரிந்தால் சுவர் மெலிந்திருக்கிறது. டயருக்குள் இருக்கும் காற்று அந்தச் சுவரை எந்நேரமும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. ஒருநாள் அது பிளந்து டயர் வெடிக்கும். சில ரிம்களில் இதற்கென்றே ஒரு சிறு பள்ளக்கோடு வெட்டியிருப்பார்கள். கோடு மறைந்தால் ரிம்மின் காலம் முடிந்தது. இதில் பேரம் வேண்டாம். குரோம் பூசிய இரும்பு ரிம் இப்படி மெலிவது அரிது. அதற்கு வரும் வியாதி உள்பக்கத் துரு. டயரைக் கழற்றி ரிம் டேப்பை விலக்கினால்தான் தெரியும். காரணம் தெரியாமல் டியூப் உள்பக்கமாகவே பஞ்சராகிக்கொண்டிருந்தால் முதலில் அங்கே பாருங்கள். மழையில் நனைந்த குரோம் ரிம்மில் பிரேக் வழுக்கும் என்பது நவம்பர் மாதத்தில் இங்கே ஓட்டுபவர்கள் எல்லோருக்கும் தெரியும். வளைந்த இரும்பு ரிம்மை மாற்றும்போது, பக்கவாட்டில் பிடிக்கும் பிரேக் உள்ள வண்டியாக இருந்தால், அலுமினியத்துக்கு மாறுவது நல்லது. அதில் ஈரத்திலும் பிரேக் பிடிக்கும்.

ஹப்பைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். லொடலொடவென்றால் கோன், அதாவது அச்சின் மேல் குண்டுகளைத் தாங்கும் கூம்பு, தளர்ந்திருக்கிறது. சக்கரத்தைக் கழற்றி அச்சை விரல்களுக்கிடையே மெதுவாகச் சுழற்றுங்கள். மணல் அரைபடுவது போலத் தட்டினால் உள்ளே குண்டுகள் ஓடும் தடத்தில் குழி விழுந்திருக்கிறது. குழி கோனில் மட்டும் என்றால் கோனையும் குண்டுகளையும் மாற்றிப் புது கிரீஸ் வைத்தால் போதும், சில்லறைச் செலவு. குண்டுகள் அமரும் ஹப்பின் கிண்ணமான கப்பிலும் குழி என்றால் ஹப்பையே மாற்ற வேண்டும். ஹப்பை மாற்ற எல்லாக் கம்பியையும் கழற்றியாக வேண்டும் என்பதால், பழைய கம்பிகளை மறுபடி கோப்பதில் பொருளில்லை. வருடத்துக்கு ஒருமுறை ஓவராயில் செய்த வண்டியில் ஹப் ரிம்மையும் கம்பியையும் பலமுறை பார்த்துவிடும்.

ஆக, முதல் கம்பி கொக்கியில் அறுந்தால் மாற்றுங்கள், மற்றவற்றின் இறுக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவதுக்குப் பிறகு காசு சேர்க்கத் தொடங்குங்கள். மூன்றாவதுக்குத் தனிக் கம்பி வாங்காதீர்கள். ஹப்பும் ரிம்மும் நன்றாக இருந்தால் கம்பிகளை மட்டும் முழுசாக மாற்றுவதுதான் சரியான வைத்தியம். இதற்குக் கையும் பொறுமையும் நேரமும் உள்ள கடைக்காரர் வேண்டும். அப்படி ஒருவர் பக்கத்தில் இருந்தால் அவர் கேட்கும் கூலியைக் குறைக்காதீர்கள். கைக்கூலி கட்டுப்படியாகாமல்தான் பல கடைகள் ரெடிமேட் சக்கரத்துக்குப் போய்விட்டன. மூன்றில் இரண்டு உறுப்புகள் போய்விட்டால் ரெடிமேட் சக்கரமே சிக்கனம். வாங்கும்போது துளைகளின் எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்: பழைய பெரிய சைக்கிள்களில் முன்னால் 32 கம்பி, பின்னால் 40, பிற்காலத்தில் வந்த பலவற்றில் இரண்டிலும் 36. ஞாயிறு காலைகளில் ஈ.சி.ஆரில் பறக்கும் ரேஸ் வண்டிகளில் இன்னும் குறைவு. அவற்றில் ஒரு கம்பி அறுந்தால் ரிம் மிக அதிகமாக ஒதுங்கிவிடும், ஓட்டிக்கொண்டு வீடு சேர்வது கஷ்டம். 40 கம்பிச் சக்கரம் ஒன்றை இழந்தும் ஓடும். கனமாக இருந்தாலும் சுமை ஏற்றுகிறவர்களுக்கு அதுவே மேல்.

எந்தப் புதுச் சக்கரமும் வண்டியில் ஏறுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மெஷினில் கட்டி வருபவற்றில் கம்பிகள் பெரும்பாலும் போதிய இறுக்கத்தில் இருப்பதில்லை. எல்லா நிப்பிளையும் சமமாக இன்னும் சற்று முடுக்கச் சொல்லுங்கள். பிறகு, ஒரே பக்கத்தில் இணையாகப் போகும் கம்பிகளை இரண்டிரண்டாக உள்ளங்கையில் சேர்த்துப் பிடித்து, கையுறையோ துணியோ வைத்து, பலமாக அமுக்கிக்கொண்டு சக்கரம் முழுக்கச் சுற்றிவரச் சொல்லுங்கள். கணநேரத்துக்கு இழுவிசை வெகுவாக உயர்வதில், வளைத்தபோது கொக்கியில் தங்கிய விசை இளகிச் சமனாகிறது. கொக்கி ஹப்பில் சரியாக அமர்ந்துகொள்கிறது. பிராண்ட் தன் புத்தகத்தில் வற்புறுத்திய முறை இது, செலவு ஒன்றுமில்லை. நூறு கிலோமீட்டர் ஓட்டிய பின் மறுபடி கடைக்குப் போய், எல்லாக் கம்பியையும் மீட்டிப் பார்த்து, சுருதி இறங்கியதை மட்டும் அரைத் திருகு ஏற்றிக்கொண்டு வாருங்கள்.